கொடுத்து வைத்தவர்கள்

கேள்வி: 'கிவ் அப்', 'கிவ் இன்', 'கிவ் அவே'... ஒரே 'கிவ்'வுக்கு இத்தனை அர்த்தமா? எப்படித்தான் படிப்பது?
- கல்லூரி மாணவி, குடவாசல்

பதில்: மலைக்காதீர்கள். சொல்லிக்கொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு, போட்டுக்கொடு... ஒரே 'கொடு'வை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறோம், பங்காளிச் சண்டையைத் தீர்க்கிறோம், மேலதிகாரியிடம் கோளும் சொல்கிறோம்! யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. ஆங்கிலத்தையும் அப்படி முழு வாக்கியமாகப் பிடியுங்கள். 'ஐ கேவ் அப் காபி' என்றால் காபியை விட்டுவிட்டேன். கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அது கஷ்டம்தான்! ஆங்கிலப் பேச்சால் 'வெள்ளி நாக்கு' என்று புகழ்பெற்ற சீனிவாச சாஸ்திரி 1869-இல் பிறந்த வலங்கைமான், உங்கள் பக்கத்து ஊர்தானே? தினம் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.