கோவேறு கழுதைப் பூ

லண்டன் ஹாக்ஸ்டனில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த தாமஸ் ஃபேர்சைல்டு தெய்வ பயம் உள்ளவர். ஆனால் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வம்புதான்.

செடிகளிலும் ஆண், பெண் உண்டு என்று ஜெர்மனியில் தாவரவியலாளர் கமெராரியஸ் 1694-லேயே எழுதிவிட்டார். பூவுக்குள் இப்படியொரு சமாச்சாரமா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஃபேர்சைல்டு வாதத்துக்கெல்லாம் போகாமல் நேரே தரகு வேலையில் இறங்கினார். பெண், கார்னேஷன்: இன்று நம்மூர் ரிசப்ஷன் மேடைகளை அடைத்துக்கொண்டு நிற்கிற அதே அம்மாள். மாப்பிள்ளை, ஸ்வீட் வில்லியம்: கொத்துக் கொத்தாகப் பூக்கிற பையன். இரண்டும் பங்காளி வகையறா. அதையெல்லாம் யார் பார்த்தது? பையனின் மகரந்தத்தை ஓர் இறகில் ஒற்றி அம்மணியின் சூல்முடியில் தடவினார் என்கிறார்கள். முகூர்த்தம் முடிந்தது. தேனீக்குத் தட்சிணை மிச்சம்.

விதை முளைத்துப் பூத்தது. தாவர ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் பிராட்லி வந்து பார்த்துவிட்டு, இது அதுவுமில்லை இதுவுமில்லை, இரண்டின் சாயலும் இருக்கிறது என்று 1717-ல் புத்தகத்திலேயே போட்டுவிட்டார். பிள்ளை பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வதும் இதைத்தானே! இன்றைக்குப் புது ரகம் உருவாக்குகிறவர்கள் ஏகப்பட்ட நாற்றுகளைப் பூக்கவிட்டு, இதழ் சரியில்லை, தண்டு தொங்குகிறது என்று பெரும்பாலானவற்றைக் குப்பையில் கொட்டுவார்கள். அன்று பிள்ளை பிறந்ததே பெரிசு. மூக்கு சப்பையா என்று பார்க்க ஆளில்லை. ஒரே குறை, அது மலடு. விதையே வைக்காது. அதனால் ‘ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை’ என்று பெயர் விழுந்தது. மனிதன் வேண்டுமென்றே உண்டாக்கிய முதல் கலப்பினச் செடி என்று தோட்டக்கலைக்காரர்கள் கொண்டாடுவது இந்தக் கழுதையைத்தான்.

படைப்பு ஆறே நாளில் முடிந்து கணக்கு மூடியாயிற்று என்கிறது பைபிள். ஏழாம் நாள் ஓய்வுக்குப் போனவரைக் கேட்காமல் எட்டாம் நாள் சரக்கு ஒன்றை இறக்கிவிட்டோமே என்று ஃபேர்சைல்டுக்கு உதறல் எடுத்திருக்க வேண்டும். 1729-ல் கண்ணை மூடியபோது உயிலில் 25 பவுண்டு ஒதுக்கியிருந்தார். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் 20 ஷில்லிங் (ஒரு பவுண்டு) கொடுத்து, ஷோர்டிச் புனித லியோனார்டு ஆலயத்தில், பெந்தெகொஸ்தே கழிந்த செவ்வாயன்று, படைப்பில் கடவுள் காட்டிய அற்புதங்களைப் பற்றிப் பிரசங்கம் வைக்க வேண்டும். அதாவது, நாலு சதவீத வட்டியில் நிரந்தர மன்னிப்பு! குற்ற உணர்ச்சி என்று உயிலில் ஒரு வார்த்தை கிடையாது, வாஸ்தவம். ஆனாலும் ஒரு வியாபாரி காரணமில்லாமல் காசை விடுவாரா?

கழுதைக்கு வாரிசு இல்லை. பிரசங்கம் 200 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. செடியின் உலர்ந்த மாதிரி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாவரச் சேகரிப்பில் இருக்கிறது.