சங்கிலி வைத்தியர்

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் தகப்பனுக்கும் மைத்துனனுக்கும் ஸீக்கோ, சிட்டிஸன் முதலிய கைக்கடிகாரங்களைக் கொண்டுவருவதும், அவை மாட்டிய கணமே முழங்கையை நோக்கி வழுக்கி ஓடுவதும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில், குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், நெடுநாளாக நடந்துவரும் சம்பவம். கடையில் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைச் சகியாத மாஷ் ஒருவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர். கழற்றிய கண்ணியைக் கடைக்காரன் திருப்பித் தரமாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு ஆதாரமாக ஒரு திருஷ்டாந்தத்தையும் அவர் இதுவரை காட்டியதில்லை.

மின்விசிறி நிறுத்தப்படும். திண்ணையில் வெள்ளை வேட்டி விரிக்கப்படும். பூதக்கண்ணாடியும் குண்டூசியும் சகிதமாக அமர்ந்து, சங்கிலியைக் கவிழ்த்து, கண்ணிகளின் உட்புறத்து அம்புக்குறிகளைச் சாசனம் படிப்பவர்போல் படிப்பார். அம்பு காட்டும் திசையில் தள்ளினால்தான் ஆணி வெளிவரும் என்றும், ஒரு நுனி பிளவுண்டு அழுத்திப் பிடித்திருப்பதே அதற்குக் காரணம் என்றும், திரும்பச் செருகுகையில் அம்புக்கு எதிராக, பிளவில்லாத நுனி முன்னே செல்ல வேண்டும் என்றும், இருபுறமும் சமமாகக் குறைக்காவிட்டால் பூட்டு மணிக்கட்டின் நடுவில் நில்லாது என்றும், எஞ்சிய சிறு தொளதொளப்பைப் பூட்டின் பக்கவாட்டுத் துளைகளில் ஸ்பிரிங் ஆணியை நகர்த்திச் சரிக்கட்டலாம் என்றும் பிசகின்றி உபதேசிப்பார். உபதேசத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

விபரீதம் குழாயில் வரும். சில ஸீக்கோச் சங்கிலிகளில் ஆணியோடு கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குழாய் ஒன்றுண்டு. ஆணி அசைந்ததும் அது ஓசையின்றி உதிர்ந்துவிடும். அது இல்லாமல் ஆணி நிற்காது. பிறகென்ன, பாட்டி முதல் பேரன் வரை சகலரும் தரையில் மண்டியிடுவார்கள். காந்தத்தை உருட்டினால் சேஃப்டி பின்னும் செருப்பாணியும் வந்து ஒட்டும். குழாய் மட்டும் வராது. துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலானவை காந்தத்துக்கு மசிவதில்லை என்ற ரசாயன ரகசியத்தை, நாம் குனிந்திருக்கும் அந்தச் சமயம் பார்த்து மாஷ் விஸ்தாரமாக விளக்குவார்.

அவர் கையிலோ எச்.எம்.டி. ஜனதா. 1961இல் ஜப்பானியச் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் பெருமையை அவர் வாயாரச் சொல்லக் கேட்க வேண்டும். பட்டையோ தோல், உலோகச் சங்கிலி அந்த மணிக்கட்டைத் தீண்டியதே இல்லை.

கழற்றிய கண்ணிகளைப் பல்பொடி டப்பாவில் பத்திரப்படுத்துவார். ஆனால் எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பது அவர் சம்பிரதாயத்தில் கிடையாது.

“ஏனுங்க மாஷ், கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்களே?”

“கண்ணி சரியாத்தான் இருக்குது தம்பி. நீ மாமியார் வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வந்திருக்கற. கை வத்தட்டும், பொறு.”