உரிமையாளர் தரப்பு நியாயம்

கிளேசர் குடும்பத்துக்காகப் பரிந்து பேச இந்த உலகத்தில் ஆள் கிடையாது. மான்செஸ்டரில் சுத்தமாகக் கிடையாது. அமெரிக்காவிலிருந்து வந்து 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கிளப்பை வாங்கினார்கள். அதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதியை அந்தக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அன்று முதல் அவர்களைத் திட்டுவதை ரசிகர்கள் ஒரு நித்திய பூஜையாகவே நடத்தி வருகிறார்கள். இத்தனை வசவுக்கும் நடுவில் அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆத்மா விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டம், அவலூர்பேட்டையில் ஒரு பழைய வீட்டுக்குச் சொந்தக்காரன். வீட்டு வரி ரசீது இன்னும் என் பேரில்தான் வருகிறது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பதவி மனைவிக்குப் போய்விட்டது. மாசம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையும் அந்தப் பதவியோடு போய்விட்டது. ஆக, எனக்கு மிஞ்சியது கட்டடமும் அதன் மேல் வருகிற புகார்களும்.

மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா. இவர்கள்தான் என் ரசிகர்கள். வேறு கிளப்புக்குப் போக வழியில்லாதவர்கள். இந்த நிலைமையில் உலகத்தில் எந்த உரிமையாளரும் கூரையைத் தொடமாட்டார்.

மகன் திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறான். திருவண்ணாமலைத் தேரடி வீதியில் வாங்கிய சிவப்புச் சட்டை, முதுகில் ஏழாம் நம்பர். அவன்தான் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் ஒழுகிய வீடியோவைப் போனில் கொண்டுவந்து காட்டினான். 2024 மே 12. ஆர்சனலிடம் ஒன்றுக்குச் சைபர் தோற்ற ஆட்டம். தோற்று முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கூரையின் மூலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கொட்டுகிறது, அப்படிக் கொட்டுகிறது. 1910-ல் திறந்த மைதானம். எழுபத்து நாலாயிரம் பேர் உட்காரலாம். 2006-ல் இரண்டு மூலைகளை எடுத்துக் கட்டினதுக்கு அப்புறம் பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை.

“எப்படி வச்சிருக்கானுங்க பாருப்பா. வெக்கமே இல்ல இவங்களுக்கு.”

பதில் சொல்வதற்கு முன் எங்கள் ஹால் கூரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். ஃபேன் கொக்கியைச் சுற்றி ஐப்பசி மழை வரைந்துவிட்டுப் போன படம் அப்படியே இருந்தது. இலங்கை மாதிரி ஆரம்பித்தது, இப்போது ஆஸ்திரேலியா.

“ஆள் கிடைச்சிருக்க மாட்டாங்கடா,” என்றேன். “நல்ல மேஸ்திரி கிடைக்கிறதுன்னா சும்மாவா?”

மகன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அடுக்களையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதே வருஷம் டிசம்பரில் இன்னொரு செய்தி. உள்ளூர் கவுன்சில் அதிகாரிகள் மைதானத்தைச் சோதித்து, எலிப் புழுக்கை கிடந்ததால் சாப்பாட்டுச் சுத்தத்துக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்களாம். உலகப் பணக்காரக் கிளப்பு! இதைக் கேட்ட மனைவி, “நம்ம வீட்டுக்கும் அந்த மாதிரி யாராச்சும் வந்து மார்க் போடுவாங்களா?” என்று கேட்டாள். அதிகார வரம்பு அவலூர்பேட்டை வரைக்கும் வராது என்று விளக்கினேன்.

கூரையாவது மழைக்காலத்துக்குத்தான். தூண் வருஷம் பூராவும் உண்டு. அப்பா வீடு கட்டும்போது ஹால் நடுவில் ஒரு தூணை எழுப்பிவிட்டார்; மேலே இன்னொரு மாடி வரும் என்று நினைத்திருக்கிறார், பாவம். மாடி வரவில்லை, டிவி வந்தது. டிவிக்கு எதிரே உள்ள மூன்று இருக்கைகளில் ஒன்றிலிருந்து பார்த்தால் திரையில் முக்கால்வாசி தூண். அந்த இருக்கை யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். அடுக்களையிலிருந்து கடைசியாக வந்து உட்காருகிறவளுக்கு. லிவர்பூல் நகரத்தில் எவர்ட்டன் கிளப் 1892-லிருந்து 2025 வரை ஆடிய குடிசன் பார்க் மைதானத்திலும் இதே கதைதான். கூரையைத் தாங்கும் தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ‘பார்வை மறைக்கும்’ என்று சொல்லித்தான் டிக்கெட் விற்பார்கள். சொல்லி விற்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் கல்யாணத்தின்போது சொல்லவில்லை. கொல்கத்தாவில் 2025 டிசம்பரில் மெஸ்ஸி வந்தபோது கட்டடத் தூண்கூடத் தேவைப்படவில்லை. அவரைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்களே தூணாக நின்றார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வந்தவர்களுக்கு ஆள் கண்ணில் படவில்லை, நாற்காலிகள் பறந்தன. எங்கள் வீட்டு ரசிகை இதுவரை நாற்காலி எதையும் வீசியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி விலை அவளுக்குத் தெரியும்.

இங்கே என் சொந்தக் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். மகன் யுனைடெட் என்றால் நான் சென்னையின் எஃப்சி. ‘ஊரு டீமை விட்டுட்டு என்னடா வெள்ளைக்காரன் டீம்’ என்று அவனிடம் கேட்பேன். அவலூர்பேட்டைக்கும் ஸ்டேடியம் இருக்கிற சென்னைப் பெரியமேட்டுக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர் இருப்பதைப் பெரிசுபடுத்தமாட்டேன். ஒரு தரம் குடும்பத்தோடு கிளம்பினோம். செஞ்சி, திண்டிவனம், கிளாம்பாக்கம். வண்டலூரில் மின்சார ரயில். பூங்கா ஸ்டேஷனில் இறங்கி நடை. வழி நெடுக மனைவி வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு துணிப்பையில் மடியில் வைத்துக் காத்து வந்தாள். ஏழரை மணி ஆட்டம். முடிந்தால் திரும்ப எந்த பஸ் என்று யோசிக்கிறவன் ரசிகனே இல்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா மட்டும் அதைத்தான் யோசித்துக்கொண்டே வந்தாள்.

நேரு ஸ்டேடியத்தின் பெருமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன். கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்த காலத்தில், 1956 ஜனவரியில், நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்த இடம் இது. அந்த உலக சாதனை 2008 வரை ஐம்பத்திரண்டு வருஷம் நின்றது. 1993-ல் புதுசாக எழும்பிய ஸ்டேடியம். 2014-லிருந்து நம்ம டீமுக்கு வீடு. “கப் எல்லாம் இங்கதான் ஜெயிச்சாங்களா தாத்தா காலத்துலருந்து?” என்று சின்னவள் கேட்டாள். இரண்டு கோப்பை. 2015-ல் ஜெயித்தது கோவாவில். 2018-ல் ஜெயித்தது பெங்களூரில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்தபோது அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேயில் வைத்துத்தான் ஜெயித்தார்கள். “அப்ப வீட்ல இல்லாதப்பதான் நல்லா ஆடுவாங்க,” என்றாள். பெண் குழந்தைக்கு எப்படித்தான் இதெல்லாம் தெரிகிறதோ!

இது தடகளத்துக்கும் சேர்த்துக் கட்டிய ஸ்டேடியம். சுற்றிலும் எட்டுப் பேர் ஓடும் நானூறு மீட்டர் பாதை, அதற்குள்தான் பந்து. அளவு தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: இப்படிப்பட்ட எந்த மைதானத்திலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தால், வளைவின் இடமும் ஓடுபாதையும் சேர்த்து, கோல் கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே முப்பத்தைந்து மீட்டருக்குக் குறையாது. ஓடுகிறவர்களுக்குப் பாதை வேண்டும்தானே? அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கால்பந்து ரசிகன்தான் தொண்டையை வளர்த்துக்கொள்ள வேண்டும். பி ஸ்டாண்ட் புளூஸும் சூப்பர் மச்சான்ஸும் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மேளத்துக்கு முப்பத்தைந்து மீட்டரெல்லாம் ஒரு தூரமே இல்லை.

“ஏங்க, நீலச் சட்டைதான நம்ம ஆளுங்க?”

“ஆமா.”

“வீட்ல தூண் மறைக்குது. இங்க தூரமே மறைக்குது.” மல்லாட்டையை உரித்து அம்மா கையில் வைத்தாள். “ஆனா பரவால்ல. எல்லாரும் ஒரே அளவுக்குத்தான் பாக்கறோம்.”

லண்டனில் வெஸ்ட் ஹாம் ரசிகர்களும் இதைச் சொல்லித்தான் அழுகிறார்கள். ரசிகன் கை நீட்டினால் ஆட்டக்காரன் சட்டையைத் தொடலாம் என்கிற மாதிரி இருந்த பழைய மைதானத்தை விட்டுவிட்டு, 2016-ல் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு 99 வருஷக் குத்தகையில் குடி போனார்கள். இத்தாலியில் யுவென்டஸ் கெட்டிக்காரக் கிளப். ஓடுபாதை சூழ்ந்த பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் பாதையில்லாத புது மைதானத்தை 2011-ல் திறந்துவிட்டது. அவர்களுக்கு ஸ்டேடியம் சொந்தம். நம்ம டீமுக்கு அந்த வசதி இல்லை. ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தினுடையது, கிளப் குடித்தனக்காரர். நம் நாட்டுப் பெரிய கிளப்புகள் பலவற்றின் கதையும் இதுதான். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றால், நாற்காலியைப் பத்து மீட்டர் முன்னால் நகர்த்துவது எப்படி? மான்செஸ்டர் ரசிகனுக்குத் திட்டுவதற்கு ஒரு முகவரியாவது இருக்கிறது என்று மகனிடம் சொன்னேன். எங்கள் வீட்டு ரசிகர்களுக்கும் இருக்கிறது என்று அவன் சொன்னான். அதற்குப் பிறகு 2025 ஜூலையில் நம்ம டீம் ஆடுகிற லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். இருக்கை தூரம் என்று முனகிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் ஆட்டமே தூரமாகிவிட்டது.

அதே 2025 ஜூலையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு கௌரவம் வந்தது. மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் இது ஒன்றுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் மதிலால் கட்டிப் போட்ட கோட்டை. முகலாயப் படை வருஷக்கணக்கில் முற்றுகை போட்டு உட்கார்ந்து 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. அதன் நெற்களஞ்சியத்துக்குள் போய் நின்று பாருங்கள், அத்தனை நூற்றாண்டு மழைக்கும் அசையாத கூரை. எனக்கு அதில் கிடைத்தது ஒரு வாதம். பழைய கட்டடத்தில் கை வைப்பது பாவம், உலகமே இப்போது பாதுகாக்கச் சொல்கிறது என்றேன். “அப்ப நம்ம வீட்டையும் எழுதிக் குடுத்துடுங்க,” என்றாள் மனைவி. “டிக்கெட் போட்டு உள்ள விடலாம். ஒழுகற எடத்துல நின்னு போட்டோ புடிச்சிக்குவாங்க.”

உரிமையாளர்கள் எல்லோரும் கடைசியில் செய்கிற காரியம் குழு அமைப்பது. மான்செஸ்டரில் 2024-ல் செபாஸ்டியன் கோ தலைமையில் அமைத்தார்கள். நானும் அமைத்தேன், உறுப்பினர்கள் நானும் ஒரு மேஸ்திரியும். அவர் ஏணி மேல் ஏறி, கரணைக் காம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘ணங்’. ஃபேன் பக்கம் வந்ததும் ‘தொப்’. உள்ளே காரை பிடிப்பு விட்டுப்போய் வயிறு தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு தட்டு தட்டினார். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மொத்தமாகப் பெயர்ந்து அவர் தலைப்பாகையில் விழுந்தது. உள்ளே கம்பி, துருவேறி, இரண்டு மடங்கு தடிமனில், பழுப்பும் சிவப்புமாகத் தெரிந்தது. “கம்பி துரு புடிச்சா உப்பும் சார். உப்புனா காரையைத் தள்ளும். மேல தட்டோடு விரிசல் விட்டு தண்ணி எறங்குது. ஒடைச்சிப் பாத்தாத்தான் மீதி தெரியும்.” உடைத்துப் பார்த்தால் தெரியும் என்று தெரிந்துதான் இத்தனை வருஷம் உடைக்காமல் வைத்திருந்தேன்.

அந்த மழைக்காலம் பூராவும் நாங்கள் பக்கத்துத் தெருவில் தம்பி வீட்டில் ஆட்டம் பார்த்தோம். 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து ஓல்டு டிராஃபோர்டு சிதைந்ததும் யுனைடெட் 1949 வரை எங்கே ஆடியது தெரியுமோ? ஜென்ம விரோதி சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில், வாடகை கட்டி. தம்பி வீட்டில் பையன்கள் இரண்டு பேரும் சிட்டி. புது வீடு, ஃபால்ஸ் சீலிங், சுவரை அடைத்துக்கொண்டு டிவி, தூண் கிடையாது. தம்பி பெண்டாட்டி காபி கொடுத்துக்கொண்டே, “மாமா, நல்லா சாஞ்சி உக்காருங்க, இங்க மேலருந்து ஒண்ணும் விழாது,” என்பாள். வாடகையாவது கட்டிவிடலாம் போலிருந்தது. 2025 ஆகஸ்டில், நாலாவது டிவிஷன் கிரிம்ஸ்பி டவுனிடம் யுனைடெட் பெனால்டியில் 12–11 என்று தோற்ற செய்தியை அந்த ஃபால்ஸ் சீலிங் கீழேதான் கேட்க வேண்டியிருந்தது.

மான்செஸ்டர்காரர்கள் 2025 மார்ச்சில் திட்டத்தை வெளியிட்டுவிட்டார்கள். பழைய மைதானத்தின் பக்கத்திலேயே ஒரு லட்சம் பேருக்குப் புது மைதானம், இருநூறு கோடி பவுண்டு, அஞ்சு வருஷம், வடிவமைப்பு நார்மன் ஃபாஸ்டர் கம்பெனி. எல்லாவற்றுக்கும் மேலே மூன்று கம்பம் நட்டுப் பிரம்மாண்டமான ஒரு குடை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒழுகுகிற கூரைக்கு மேல் தகர ஷீட் போடுவது! எங்கள் ஊரில் பாதி மொட்டை மாடியில் இதுதானே நிற்கிறது? இரும்புக் கால் நாலு, மேலே நீல ஷீட், ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். ஃபாஸ்டருக்கு எவ்வளவு கொடுத்தார்களோ. செஞ்சி ரோட்டு வெல்டிங் பட்டறையில் ஒரு டீக்கு வரைந்து கொடுத்திருப்பார்கள்.

அன்று ராத்திரியே வீட்டில் திட்டத்தை அறிவித்தேன். குடை, மழைநீர் சேமிப்பு, மல்லாட்டை காயப்போட நிழல். நிதி எங்கிருந்து என்று அம்மா கேட்டாள். மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து வாங்கலாம், வட்டியை அவள் பேருக்கு வருகிற ஆயிரம் ரூபாயில் கழித்துக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொன்னேன். கிளேசர்கள் செய்ததும் இதைத்தான், உலகமே ஒத்துக்கொண்ட முறை.

“சங்கிலி என்னுது, வட்டி என்னுது,” என்றாள். “அப்ப வீடு?”

உரிமைப் பங்கில் சிறு மாற்றம் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் கடையிலிருந்து வருவதற்குள் எலக்ட்ரீஷியன் பையன் வந்து போயிருந்தான். டிவி எதிர்ச் சுவருக்கு இடம் மாறியிருந்தது. தூண் அதே இடத்தில். என் நாற்காலியும் அதே இடத்தில். சனிக்கிழமை யுனைடெட் ஆட்டம். என் இருக்கையிலிருந்து இடது பக்க கோல் மட்டும் தெரிகிறது. முதல் பாதியில் அதில் இரண்டு விழுந்தது, இரண்டும் யுனைடெட் வாங்கியது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்களே, அப்போது நம்ம ஆட்கள் போடுவது தெரியும் என்று காத்திருந்தேன். மனைவி சோபாவின் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டே, வலது பக்கம் மூணாவது விழுந்துடுச்சி என்று தகவல் சொன்னாள்.