பத்தாண்டுப் பஞ்சாயத்து

இந்த வாரம் ஒரே தலைப்புதான்: தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு எந்தப் பத்தாண்டு பொற்காலம்? அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும். கூட்டணிகள் அதுவரை தாங்கினால் பதில் உண்டு.

எண்பதுகள்தான் பொற்காலம் என்கிறேன். மறுக்க முடியுமா?
(ஒரு வாசகர், தேனி)

இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தை மாவட்டத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் வேறு என்ன சொல்வீர்கள்? மறுக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் கேட்கிறேன். உங்கள் எண்பதுகளில் ‘அன்னக்கிளி’ உண்டா? அது 1976. ‘முள்ளும் மலரும்’ 1978. ‘உதிரிப்பூக்கள்’ 1979. அந்தப் பக்கம் வாருங்கள்: ‘தளபதி’யும் ‘குணா’வும் 1991, ‘தேவர் மகன்’ 1992. இவற்றில் ஒன்றையாவது விட்டுக்கொடுப்பீர்களா? மாட்டீர்கள். பத்து சென்ட்டுக்குப் பட்டா வாங்கிப் பதினேழு சென்ட்டுக்கு வேலி போட்டிருக்கிறீர்கள் ஐயா! இந்தப் பக்கம் எழுபதுகளும் அந்தப் பக்கம் தொண்ணூறுகளும் வரப்பைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஆக்கிரமிப்பை இடித்துவிட்டுப் பார்த்தாலும் எண்பதுகள் மலைக்கத்தான் வைக்கின்றன. இளையராஜாவின் நூறாவது படம் ‘மூடுபனி’, 1980. ஐந்நூறாவது ‘அஞ்சலி’, 1990. நடுவே பத்தாண்டில் நானூறு படம். வகுத்துப் பாருங்கள், ஒன்பது நாளைக்கு ஒன்று வருகிறது. பாட்டு மட்டுமல்ல, பின்னணி இசையும் சேர்த்து. நம்மில் பலருக்கு ஒன்பது நாளில் ஒரு மின் கட்டணம் கட்டி முடிக்கவே வருவதில்லை.

நல்ல பாட்டுக்கும் கேட்கிறவர் வயதுக்கும் சம்பந்தம் உண்டா?
(ஒரு வாசகி, கோவை)

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இதை ஆராய்ச்சியாகவே செய்துவிட்டார்கள். 1989இல் ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வயதுக்காரர்களுக்கும் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி மதிப்பெண் கேட்டார்கள். அவரவர் ஏறக்குறைய 23, 24 வயதில் இருந்தபோது வந்த பாட்டுக்குத்தான் மதிப்பெண் உச்சத்தில் இருந்தது. ஆகவே ஒருவர் “அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா!” என்று பெருமூச்சு விட்டால், பிறந்த ஆண்டு கேட்க வேண்டியதில்லை, கழித்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் எல்லாப் பாட்டுமே நன்றாக இருந்ததே, எப்படி?
(ஒரு வாசகர், திருவண்ணாமலை)

எல்லாப் பாட்டையும் நீங்கள் கேட்கவில்லை, அப்படித்தான். அறுபதுகளில் ஊத்திக்கொண்ட படங்களில் பாட்டும் சேர்ந்தே போய்விட்டது. அறுபது ஆண்டு சலித்த பிறகு சல்லடையில் நின்றதை மட்டும் வானொலி போடுகிறது. இந்த வெள்ளிக்கிழமை வந்த படத்தின் பாட்டுக்கோ சலிப்பே இன்னும் தொடங்கவில்லை. தவிடும் அரிசியும் கலந்துதான் காதில் விழுகிறது.

பழைய பாட்டில் சொல் தெளிவாகக் கேட்கிறது. இப்போது ஏன் கேட்பதில்லை?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

இப்போது பாடுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கிறீர்கள். சிலருக்குத் தெரியாதுதான். அதுவல்ல பெரிய காரணம்.

அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின்காரர் வில்லைத் தவறவிட்டால் டி.எம்.எஸ். மறுபடி பல்லவியிலிருந்து பாட வேண்டும். பின்னால் பிரித்து எடுத்துச் சரிசெய்ய வழியில்லாததால், குரலை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் மற்றதைச் சுற்றி அடுக்கினார்கள். ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒரு பாட்டுப் பதிவையே காட்சியாக வைத்திருக்கிறார்கள். பார்த்தால் அந்தப் பதற்றம் புரியும்.

அடுத்தது இசைத்தட்டு. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். நீட்டினால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். முன்னிசைக்கு நேரம் ஏது? விறுவிறுவென்று பல்லவிக்கு வந்தாக வேண்டும், வந்தவுடன் ஆளைப் பிடித்தாக வேண்டும். கண்ணதாசனின் பல்லவிகள் சுருக்கென்று தைப்பதற்கு அவர் மேதைமை ஒரு காரணம், தட்டின் விட்டம் இன்னொரு காரணம். பிற்பாடு நெடுந்தட்டும் கேசட்டும் வந்து இடம் கிடைத்ததும் இளையராஜா இடையிசையில் வீடே கட்டினார். இன்று குரலும் இன்னொரு வாத்தியம். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மனப்பாடம் செய்யச் சிரமம்.

ரீமிக்ஸ் பற்றி?
(ஒரு வாசகர், வேலூர்)

எந்தப் பத்தாண்டு சிறந்தது என்று இன்றைய இசையமைப்பாளர்களே போடும் கள்ள ஓட்டு.

எழுபதுகளைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லையே?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பத்தாண்டு அது. முதல் பாதியில் நம் கல்லூரிப் பையன்கள் அர்த்தம் தெரியாமல் இந்திப் பாட்டை முணுமுணுத்தார்கள். ‘ஆராதனா’வும் ‘பாபி’யும் மொழிமாற்றம் இல்லாமலே சென்னையில் சக்கைப்போடு போட்டன. அந்த நேரத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் தனி ஆளாக நின்று செய்தவற்றுக்கு இன்னும் சரியான மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கட்சி. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973, ‘அபூர்வ ராகங்கள்’ 1975, ‘நினைத்தாலே இனிக்கும்’ 1979. மூன்றும் ஒரே ஆள் போட்டது என்று தெரியாதவரிடம் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். வாணி ஜெயராமுக்கு ‘அபூர்வ ராகங்கள்’ தேசிய விருது வாங்கித் தந்தது. அது போதாதென்று அதே பத்தாண்டில் ‘அன்னக்கிளி’ வேறு. நீங்கள் தாராளமாக வாயைத் திறக்கலாம்.

எந்தப் பத்தாண்டிலும் தோற்காதவர் யார்?
(ஒரு வாசகர், ஈரோடு)

வாலி. 1964இல் ‘படகோட்டி’யில் எம்.ஜி.ஆருக்கு எழுதினார், 1994இல் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவை ஆடவிட்டார். இரண்டு கூட்டமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்தன.

ரஹ்மானுக்கு முன், ரஹ்மானுக்குப் பின் என்றுதானே பிரிக்க வேண்டும்?
(கல்லூரி மாணவர், சென்னை)

ஒலிக்கு அப்படிப் பிரிக்கலாம். 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தபோது பாட்டு புதிது என்பதைவிடச் சத்தம் புதிது என்பதுதான் முதலில் உறைத்தது. டீக்கடை டேப்ரெக்கார்டரில்கூட ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக எட்டிப்பார்த்தது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோ, ராத்திரிப் பதிவு, பாடகர் பாடிவிட்டுப் போன பிறகு மெல்ல மெல்லக் கட்டப்படும் பாட்டு. முழு வாத்தியக்குழுவும் காலை ஏழு மணிக்கு வந்து உட்காரும் பழக்கம் அங்கே முறியத் தொடங்கியது. லாபமும் உண்டு. நஷ்டம், வயலின்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் அதே 1992க்கான தேசிய விருதுகளைப் பாருங்கள். முதல் படத்துக்கே ரஹ்மானுக்கு இசை விருது. பின்னணிப் பாடகி விருது எஸ். ஜானகிக்கு, ‘தேவர் மகன்’ பாட்டுக்காக. ஒரே ஆண்டுக்குள் இரண்டு காலம் ஓடியிருக்கிறது. நாள்காட்டியைக் கிழித்தால் இசை மாறும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆண்டு ஒன்று போதும். இன்னொன்று: உங்கள் தொண்ணூறுகளில் ரஹ்மான் மட்டும் இல்லை. எஸ்.ஏ. ராஜ்குமாரின் ‘லாலாலா’வுக்கும் அதே பத்தாண்டில்தான் ரேஷன் கார்டு.

தேவாவைக் கணக்கில் சேர்க்கலாமா?
(ஒரு வாசகர், ராயபுரம்)

ராயபுரத்திலிருந்து இந்தச் சந்தேகம் வரலாமா? வடசென்னைச் சந்துகளில் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடிக்கொண்டிருந்த கானாவைத் தியேட்டருக்குள் அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்தவர். ‘அண்ணாமலை’, ‘பாட்ஷா’ இரண்டையும் கழித்துவிட்டு ரஜினியின் தொண்ணூறுகளை எழுதிப்பாருங்கள். சேர்த்தாயிற்று.

குடும்பத்தோடு காரில் நெல்லை போகிறோம். அப்பாவுக்கு அறுபதுகள், எனக்கு எண்பதுகள், மகளுக்கு அனிருத். யார் சொல்வதைக் கேட்பது?
(ஒரு வாசகர், தாம்பரம்)

ஓட்டுகிறவர் சொல்வதை. ராத்திரி இரண்டு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது எண்பதுகளின் மெலடி போட்டால் எல்லோரும் சொக்குவீர்கள், ஸ்டியரிங் பிடித்தவர் உட்பட. அந்த நேரத்துக்குக் குத்துப்பாட்டு. விடிந்து கோவில்பட்டி நெருங்கும்போது அப்பாவுக்குச் சீர்காழி கோவிந்தராஜன். நடுவில் மகளுக்கு ஹெட்போன்.

எங்கள் இலங்கை வானொலிக்கு உங்கள் பொற்காலத்தில் பங்கு இல்லையா?
(ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

பங்கா? பாதி உரிமை எழுதித் தரலாம். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு கலாசாரக் கேடு என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் அது அருகிப்போனது. கேட்கிறவன் விடுவானா? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினான். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பிறகும் நம் வீட்டு ரேடியோக்களில் பல கொழும்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

பாட்டைப் போட்டதோடு நின்றிருந்தால் பெரிதில்லை. படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்வார். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் மருதகாசி பெயரும் ஏ.எம். ராஜா பெயரும் தெரிந்திருந்தது அப்படித்தான். இன்று கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது, பாடலாசிரியர் பெயர் பல நேரம் திரையில் பொடி எழுத்தில்கூட இருப்பதில்லை.

கேசட் காலத்து ஆளா நீங்கள்?
(ஒரு வாசகர், திருச்சி)

பட்டியல் எழுதிக்கொடுத்த ஆள். கோடு போட்ட தாளில் ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்துப் படப் பெயரோடு எழுதி ரெகார்டிங் சென்டரில் கொடுத்தால், அறுபது நிமிடக் கேசட் இரண்டு நாளில் வரும். பக்கம் முடியும் இடத்தில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் தன் ரசனையில் ஒரு பாட்டைத் திணிப்பார். அது முதல் சரணத்தின் நடுவில் ‘டக்’கென்று அறுந்துவிடும். அப்படித் திணிக்கப்பட்ட பாட்டுகளில்தான் சந்திரபோஸையும் சங்கர் கணேஷையும் கற்றுக்கொண்டேன். பட்டியலில் எழுதியிருக்கவே மாட்டேன். இளையராஜா மட்டுமே எண்பதுகள் என்று சொல்பவர்களுக்கு அந்தக் கடைக்காரரைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

பாகவதர் என்று ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா?
(மூத்த வாசகர், மயிலாடுதுறை)

1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஞாபகம் இருக்கிறது ஐயா. ஆனால் ஓட்டுப்போட உங்கள் கட்சியில் ஆள் குறைவு.

நாங்கள் யுவன் ரசிகர்கள். எங்கள் முறை எப்போது?
(ஐ.டி. ஊழியர், பெங்களூரு)

வந்துகொண்டே இருக்கிறது. ‘துள்ளுவதோ இளமை’, ‘7ஜி ரெயின்போ காலனி’ என்றதும் உங்கள் வயதுக்காரர்கள் கண் கலங்குகிறார்கள். கண் கலங்கத் தொடங்கிவிட்டால் பொற்காலம் அறிவிக்க இன்னும் பத்துப் பதினைந்து வருடம்தான். நா. முத்துக்குமார் இருந்திருந்தால் அந்த அறிவிப்பையும் அழகாக எழுதியிருப்பார்.

சுற்றி வளைக்காமல் தீர்ப்பைச் சொல்லும்!
(ஒரு வாசகர், சேலம்)

சொல்கிறேன். என் சோதனை எளிது: வாத்தியம் எதுவும் இல்லாமல், சுமாரான குரலில், கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டே பாடினாலும் பாட்டு நிற்க வேண்டும். தொண்ணூறுகளின் பாட்டில் பாதி அங்கே ஒலியை இழந்து தவிக்கும். எண்பதுகளின் மெட்டு நிற்கும்; ஆனால் இடையிசையையும் வாயாலேயே வாசிக்காமல் நம்மால் அடுத்த சரணத்துக்குப் போக முடியாது. அறுபதுகளின் பாட்டு சொல்லையும் மெட்டையும் மட்டும் வைத்துக்கொண்டே நின்றுவிடும்.

1961இல் மட்டும் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’. மூன்றுக்கும் இயக்கம் பீம்சிங், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. 1964இல் ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘படகோட்டி’. புராணம், கூத்து, கொலை மர்மம், மீனவர் கதை. நான்குக்கும் அதே இருவர். 1965இல் பிரிந்தார்கள். அப்போதும் பத்தாண்டு விழுந்துவிடவில்லை. ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று கே.வி. மகாதேவன் தோள் கொடுத்தார். சிறந்த இசைக்கான தேசிய விருதை முதன்முதலில் 1967ஆம் ஆண்டுக்கு அறிவித்தபோது ‘கந்தன் கருணை’க்காக வாங்கியவரும் அவரே.

ஆகவே என் ஓட்டு அறுபதுகளுக்கு, அதிலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு. எண்பதுகள் நூலிழையில் இரண்டாம் இடம். மேல்முறையீடு செய்ய விரும்புவோர் அஞ்சலட்டையில் நான்கு வரிக்குள் எழுதவும். பாட்டைக் குறிப்பிட்டால் படமும் ஆண்டும் கட்டாயம். வேலி தாண்டிய பாட்டுகள் ஏற்கப்படமாட்டா.