லிஃப்ட் ஏறிச் சேர்ந்த எரிகுழம்பு: இரண்டாம் பாகத்தின் பாவவிமோசனம் குறித்து ஓர் ஆராய்ச்சி

வீடியோ கேம்களின் இரண்டாம் பாகங்கள் வெளியான புதிதில் வசை வாங்குவதும், ஏழெட்டு ஆண்டு கழிந்தபின் அதே வாய்களால் வாழ்த்தப்படுவதும் உலக வழக்கு. ‘காலம் கனிந்தது’, ‘புதுத் தலைமுறை வந்தது’ என்று இவ்வழக்கை ஒரே வரியில் தள்ளிவிடுவோர் ஆய்வுலகுக்குப் பெருந்தீங்கு இழைக்கிறார்கள். காலம் எல்லாக் கேம்களுக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது; எல்லாக் கேம்களும் மன்னிக்கப்படுவதில்லை. ஒரே கேமுக்குள் சில குறைகள் புண்ணியமாக மாறிவிட, வேறு சில இன்றும் பாவமாகவே கிடக்கின்றன. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். துணிபு இது: கதை நுழைய இடமுள்ள குறைக்கு விமோசனம் உண்டு, வெறும் கணக்காக நிற்கும் குறைக்கு இல்லை. சான்றாக எடுத்துக்கொண்டது ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ் 2’.

வழக்கின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011இல் வந்த முதல் பாகத்தை இயக்கியவர் ஹிதேதாகா மியாசாகி. இரண்டாம் பாகம் உருவானபோது அவர் ‘ப்ளட்போர்ன்’ என்ற வேறொரு கேமின் வேலையில் இருந்தார். இரண்டாம் பாகத்தை இயக்கியவர்கள் தொமோஹிரோ ஷிபுயாவும் யுய் தனிமுராவும். மூலவர் இல்லாத கோயிலில் என்ன பூசை என்று ரசிகர்கள் கிளம்பியதற்கு இதுவே போதுமானதாக இருந்தது. வெளியீட்டுக்கு முன் காட்டிய முன்னோட்டங்களில் இருளும் தீவட்டி வெளிச்சமும் அச்சுறுத்தின. கைக்கு வந்த கேமிலோ பெரும்பாலான இடங்கள் தீவட்டி தேவைப்படாத அளவுக்குப் பளிச்சென்று இருந்தன. ஒருமுறை செத்தால் உயிரளவு கொஞ்சம் குறையும், மறுமுறை செத்தால் இன்னும் குறையும், பாதி வரை இறங்கும். விமர்சகர்கள் மட்டும் கலங்கவில்லை. மெட்டாகிரிட்டிக்கில் இதற்கு நூற்றுக்கு 91. ஆகவே பின்னாளில் நடந்த ‘மறுமதிப்பீடு’, விமர்சகர்கள் முதல் வாரத்திலேயே உட்கார்ந்திருந்த திண்ணைக்கு ரசிகர்கள் பல ஆண்டு நடந்து வந்து சேர்ந்த யாத்திரைதான். யாத்திரை வீண் என்று சொல்ல வரவில்லை. வழியில் அவர்கள் சேர்த்த சரக்கு விமர்சகர்களிடம் இல்லை.

அந்தச் சரக்கில் தலையாயது ஒரு லிஃப்ட். எர்தன் பீக் என்ற இடத்தில் ஒரு காற்றாலைக் கோபுரம் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் உச்சிக்கு மேல் வானம்தான். உள்ளே விஷக் குளங்களைக் கடந்து, காற்றாலையைத் தீவட்டியால் கொளுத்தி (அப்படிச் செய்யலாம் என்று கேம் யாருக்கும் சொல்வதில்லை), அறுபட்ட தன் தலையைக் கையில் ஏந்திய மித்தா என்ற பாம்புடல் அரசியை வென்றால் ஒரு லிஃப்ட் கிடைக்கும். அது மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கதவு திறந்தால் எதிரே அயர்ன் கீப்: எரிகுழம்பு சூழ்ந்த இரும்புக் கோட்டை. இக்கோட்டை எரிகுழம்புக்குள் அமிழ்ந்துபோனது என்று கேமின் கதையே சொல்கிறது. கீழே அமிழ்ந்த கோட்டையை அடைய மேலே ஏறவேண்டும், அதுவும் வானம் தவிர ஒன்றுமில்லாத உச்சியிலிருந்து. முதல் பாகத்தில் எந்தப் பகுதி எதற்கு மேலே, எதற்குக் கீழே என்பது பிசகாமல் பொருந்தும். எட்டிப் பார்த்தால் பின்னால் போகப்போகும் ஊர் முன்னாலேயே தெரியும். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இந்த லிஃப்ட் நேரடி அவமானம்.

இன்றைய நிலை வேறு. கேமின் தொடக்கக் காட்சியிலேயே, சாபம் பிடித்தவருக்கு நினைவு கரையும் என்று சொல்லப்படுகிறது. இதைப் பிடித்துக்கொண்ட ரசிகர்கள், கோபுரத்துக்கும் கோட்டைக்கும் இடையே நெடுந்தூரம் உண்டு, நாயகன் நடந்தும் இருக்கிறான், நடந்ததை மறந்துவிட்டான் என்று பொருள் கண்டார்கள். லிஃப்டின் பிழை நாயகனின் நோய்க்குறி ஆயிற்று. தமிழ் படித்தவருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. பத்துப்பாட்டில் தொலைவில் கிடக்கும் சொற்களை ‘மாட்டு’ என்ற உத்தியால் இழுத்து முடிபோட்டவர் நச்சினார்க்கினியர். அதைக் கண்டித்து முல்லைப்பாட்டுக்கு மறைமலையடிகள் ஆராய்ச்சியே எழுதினார். இரு நிலங்களை மறதியால் மாட்டிய ரசிகர் அந்த உரைமரபில் வந்தவரே. தடை ஒன்று எழும்: பாதி வழியில் கேம் முழுவதையும் மறுபடி யோசிக்க நேர்ந்தது, அதுவரை செய்த வடிவமைப்புகளையே புதிய உலகுக்குள் பொருத்தினோம் என்று தனிமுரா பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறாரே, அப்புறம் மறதி எங்கே வந்தது? விடை: லிஃப்ட் எப்படி வந்தது என்பதற்கு அவர் சொன்னது போதும். ஏறியவர் கண்ட கலக்கத்தின் பொருள் என்ன என்பதற்கு அது போதாது. மூலப்பிரதியில் ஓலை விடுபட்டது என்று நிரூபித்தாலும் உரைக்காரர் பேனாவைக் கீழே வைப்பதில்லை.

இரண்டாவது தடை இன்னும் கனமானது. 2015 ஏப்ரலில் ‘ஸ்காலர் ஆஃப் தி ஃபர்ஸ்ட் சின்’ என்ற திருத்திய பதிப்பு வந்தது. திருந்தியதால் புகழ் வந்தது, உரையால் அன்று என்பார்கள். அந்தப் பதிப்பில் எதிரிகள் இடம் மாறினார்கள். எது மேல் என்று இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் லிஃப்டை ஒருவரும் தொடவில்லை. அது அதே இடத்தில், அதே திசையில்தான் போகிறது. மூன்றாவது தடை அதே நிறுவனத்தின் ‘எல்டன் ரிங்’ வழியே வரும். இரு கைகளிலும் ஆயுதமேந்திச் சேர்த்து வீசும் உத்தி 2014இல் வந்தது, 2016இன் மூன்றாம் பாகத்தில் காணாமல் போனது, 2022இல் எல்டன் ரிங்கில் கொண்டாட்டத்தோடு திரும்பியது. அதன் இணை இயக்குநர் வேறு யாருமல்ல, தனிமுராதான். பெயரனின் சிறப்பால் பாட்டனுக்கு வந்த மரியாதை என்பது இவ்வாதம். ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் அந்த உத்தி முதலிலிருந்தே நிறைதான், குறையன்று. நம் ஆய்வு குறைகளைப் பற்றியது. குறைகளுக்கு எல்டன் ரிங் எந்தச் சிபாரிசும் செய்யவில்லை.

துணிபை உரசிப் பார்க்க அடாப்டபிலிட்டி என்ற ஸ்டாட் (நாயகனின் திறன் எண்) பயன்படும். அடி விழும்போது உருண்டு தப்பினால் சில நொடித்துகள் உடம்பில் எதுவும் படாது. முதல் பாகத்தில் இதற்குத் தனிச் செலவில்லை. இரண்டாம் பாகத்தில் முக்கியமாக இந்த ஸ்டாட்டை ஏற்றித்தான் அந்தப் பாதுகாப்பை நீட்ட வேண்டும், அதையும் கேம் தெளிவாகச் சொல்லாது. சாபத்தில் நலிந்தவன் முதல் நாளே கழைக்கூத்தாடி போல உருளலாமா என்று சிலர் உரை கண்டார்கள். பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. கதை கொஞ்சம் நுழைந்தது, கணக்கு மிச்சம் நின்றது. இன்று இதற்கு வாதாடுவோர் உண்டு, குரல்தான் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

இனி, வெறும் கணக்காகவே நிற்கும் குறைக்குச் சான்றான சோல் மெமரிக்கு வருவோம். ஆன்லைனில் யாரை யாரோடு சேர்ப்பது என்பதற்கு முதல் பாகம் லெவலைப் பார்த்தது. இரண்டாம் பாகம் அதுவரை ஈட்டிய சோல்களின் (கேமுக்குள் செல்லும் நாணயம்) மொத்தத்தைப் பார்த்தது. செத்து, எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்துத் தொலைத்த சோல்களும் வரவுப் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே அதிகம் தடுமாறியவர், தொலைத்த செல்வத்தின் தகுதியில், தம்மைவிட வலியவர்கள் நடுவே போய் நின்றார். இதற்கு மறதியும் சாபமும் உதவவில்லை. ரசிகர் உலகின் தேர்ந்த உரைக்காரர்களும் இப்பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நிறுவனமே 2015இல் அகாபே மோதிரம் என்று ஒன்றைக் கொடுத்தது: அணிந்திருக்கும்வரை கிடைக்கும் சோல்களை அதுவே விழுங்கிவிடும், கணக்கு ஏறாது. ஒரே சமயத்தில் நான்கு மோதிரம்தான் அனுமதி. அதில் ஒன்றை, எதுவும் சம்பாதிக்காமல் இருப்பதற்காகவே ஒதுக்க வேண்டும்.