கேள்வியே வராமல் பாடம் நடத்துவது எப்படி?

சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். எம்.இ. முடித்த கையோடு வந்தவர் என்றால் போன வருஷம்வரை நீங்களே கடைசி பெஞ்சு. இப்போது மேடையில் நிற்கிறீர்கள். நடுவில் பாடம் நடத்துவது எப்படி என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவதென்றாலே பி.எட். முடித்து டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். கல்லூரியில் அந்தத் தொல்லை இல்லை. டைம்டேபிளையும் ஒரு மார்க்கரையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனவே உங்கள் பாணியை நீங்களேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

பாணி என்றதும் குரல், கையசைவு, போர்டில் எழுதும் அழகு என்றெல்லாம் யோசிக்காதீர்கள். 50 நிமிஷ வகுப்பு ஒரு கேள்விகூட எழாமல் முடிய வேண்டும். அதைச் சாதிக்க எந்த வழி உங்களுக்குக் கைவருகிறதோ அதுதான் உங்கள் பாணி. கேள்வி எழுந்தால் முந்தைய நாள் ராத்திரி நீங்கள் எந்தப் பக்கத்தில் தூங்கிப்போனீர்கள் என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும்.

முன்மாதிரி தேடி அலைய வேண்டாம். 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நான்கு பாணிகளை வகைப்படுத்தி வைத்திருக்கிறார். ஆசிரியர் ஆகத் தகாதவர்கள் என்ற தலைப்பில் வைத்தது அவருடைய கருத்து. அதை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முதலாவது கழற்குடம். கழற்சிக்காயைப் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, எல்லாம் ஒன்றாகக் கொட்டும். இன்றைக்கு இதற்குப் பெயர் பிபிடி. 84 ஸ்லைடு, ஒரே வகுப்பு. மூன்றாவது யூனிட்டில் தொடங்கி முதல் யூனிட்டுக்குப் போய், "இதை அப்புறம் பார்ப்போம்" என்று ஐந்தாவதில் முடிக்கலாம். எங்கே விட்டோம் என்று தெரியாதவன் எங்கே கேட்பான்? புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இரண்டாவது மடற்பனை. ஏற முடியாது, கிட்டவும் போக முடியாது. தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். செமஸ்டர் முழுக்க முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்ஆப் குழுவில் 'முக்கியமான கேள்விகள்' என்று 12 கேள்விகளை விழவிட வேண்டும். அன்றைக்கு உங்களுக்குக் கிடைக்கிற கைகூப்பும் எமோஜிகளைப் பார்த்தால் கண் கலங்கும்.

மூன்றாவது பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த சின்னக் குடம். அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். கோல்டு மெடலிஸ்ட்டுகளுக்கு இது தானாகவே அமையும். வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி போர்டின் இடது மேல் மூலையில் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மைத் தொடங்கி, வலது கீழ் மூலையில் "ஆகவே தெளிவாகத் தெரிகிறது" என்று முடித்து, உடனே டஸ்டரை எடுத்துவிட வேண்டும். டஸ்டரின் வேகம்தான் இதில் முக்கியம்.

நான்காவது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றுபவர் ஒரு வீட்டில் இருப்பார். மரம் வளைந்து பக்கத்து வீட்டில் காயைப் போடும். முன்பெல்லாம் இந்தப் பாணிக்குத் தனியாக டியூஷன் சென்டர் வைக்க வேண்டியிருந்தது. இப்போது யூடியூப் சேனல் போதும். வகுப்பில் கொட்டாவியோடு நடத்திய அதே தலைப்பை ராத்திரி ரிங் லைட் முன்னால் சிரிக்கச் சிரிக்க விளக்குகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலேயே அதைப் பார்க்கும் மாணவர்கள் உங்களைவிடத் திரையில் வரும் உங்களையே மதிப்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

நன்னூல் மாணவர்களையும் தரம் பிரித்திருக்கிறது. கடைசித் தரத்தில் ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது இந்தப் பட்டியல் கைகொடுக்கும். ஆசிரியர் பட்டியல் அதே பாயிரத்தில்தான் இருக்கிறது என்பதை அங்கே கிளற வேண்டாம்.

இனி தினசரி நுட்பங்கள். வருகைப் பதிவை நிதானமாக எடுங்கள். 60 பேர் இருந்தால் 10 நிமிஷம் அதிலேயே போய்விடும். "பிரசன்ட் சார்" சத்தமாக வரவில்லை என்று இரண்டு பேரை எழுப்பி நிறுத்தினால் இன்னொரு 3 நிமிஷம். ஏதாவது ஒரு வரியை மேசையில் தட்டி, "இது 13 மார்க், நோட் பண்ணிக்கோங்க" என்று சொல்லுங்கள். குனிந்து எழுதுகிறவன் நிமிர்ந்து கேட்க மாட்டான்.

பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டும். கேட்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். 3 வினாடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் மாணவர்களின் பதில்கள் நீண்டன, தானாகப் பேச வந்தவர்கள் கூடினார்கள், மாணவர்களே கேள்வியும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆபத்து எத்தனை வினாடியில் இருக்கிறது என்று இவ்வளவு துல்லியமாக வேறு யார் சொல்வார்கள்? "புரிஞ்சுதா? சரி, அடுத்து" என்று ஒரே மூச்சில் சொல்லப் பழகுங்கள். நடுவில் வருகிற "புரிஞ்சுது சார்" என்ற கோரஸ் மூன்று பேருடைய குரல். நான்காவது ஆள் தூங்குகிறார்.

எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள், சான்றிதழ் கிடைக்கும். அங்கே கட்டாயம் ஒரு கூம்பைக் காட்டுவார்கள்: படிப்பதில் 10 சதவீதம் நிற்கும், கேட்பதில் 20, செய்வதில் 90 என்று. கல்வியாளர் எட்கர் டேல் 1946ல் வரைந்த அனுபவக் கூம்பு அது. அவர் வரைந்ததில் சதவீதமே கிடையாது, பிற்பாடு யாரோ ஒட்டிவிட்டார்கள். உண்மையிலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் நம்மூர்ப் பவணந்தியார். ஆசான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்கு அறிவுதான் கைக்கு வரும், உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை என்கிறார். முக்கால் பங்கு நம் பொறுப்பே இல்லை என்று இதைப் படிக்க வேண்டும். ஹெச்.ஓ.டி. கூப்பிட்டு "ஏன் சார் இத்தனை அரியர்?" என்று கேட்கும்போது பாயிரத்தை எடுத்துக் காட்டலாம். தமிழ்ப்பற்றுள்ள ஹெச்.ஓ.டி.யாக இருந்தால் நல்லது.

பாணியைக் கோர்ஸ் ஃபைலிலும் நிலைநாட்ட வேண்டும். லெசன் பிளான், வினா வங்கி, மெதுவாகக் கற்போர் பட்டியல், சிலபஸுக்கு அப்பால் நடத்தியவை, பாடத்தின் இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு பொருத்தும் சி.ஓ.–பி.ஓ. அட்டவணை. அட்டவணையில் 1, 2, 3 என்று எண்கள் போடுவார்கள். எந்தக் கட்டத்தில் எது என்று மண்டையை உடைக்காமல் போன வருஷத்து ஃபைலில் இருப்பதைப் போடுங்கள். அதில் இருப்பது அதற்கு முந்தைய வருஷத்தது. நாக் (NAAC) தர மதிப்பீடு நடக்கும் வாரத்தில் வகுப்புக்கே போக நேரம் இருக்காது. கற்பித்தலின் தரத்தை நிரூபிக்கும் வேலையில் இருப்பதால் யாரும் உங்களைத் தேடவும் மாட்டார்கள்.

மாணவர் ஃபீட்பேக் பற்றிப் பயப்படாதீர்கள். 1970ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' ஆக்கி, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிப் பேசவைத்தார்கள். அவருக்கு அந்தப் பாடத்தில் ஒன்றும் தெரியாது. முரண்பட்ட பேச்சு, இல்லாத சொற்கள், நடுநடுவே ஜோக். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும். பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் போட்டார்கள், சந்தேகப்பட்டவர் ஒருவருமில்லை. படித்தவர்களே அப்படி என்றால் இன்டர்னல் மார்க் இன்னும் உங்கள் கையில் இருக்கிற 19 வயதுப் பையன் என்ன போடுவான்?

எவ்வளவு பக்குவப்பட்டாலும் இரண்டாவது வரிசை ஜன்னலோரம் ஒரு பெண் இருப்பாள். "சார், அந்த மூணாவது ஸ்டெப்ல மைனஸ் எப்படி வந்துச்சு?" என்பாள். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்ததும் வரும். "பேசிக்ஸே தெரியலையாம்மா?" என்றால் வகுப்பு சிரிக்கும், அவள் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் இது ஒருமுறைதான் செல்லும். நிரந்தரத் தீர்வு செமினார். "நீயே படிச்சிட்டு வந்து திங்கட்கிழமை கிளாஸ்ல சொல்லும்மா" என்று தலையில் கட்டிவிடுங்கள். அவள் ராப்பகலாக உட்கார்ந்து படிப்பாள். உங்கள் போர்டில் விழுந்தது எழுத்துப்பிழை, அங்கே மைனஸே இல்லை என்பதையும் கண்டுபிடித்துவிடுவாள். நல்ல பிள்ளை, வகுப்பில் சொல்லிக்காட்ட மாட்டாள்.

திங்கட்கிழமை அவள் நடத்தும்போது கடைசி பெஞ்சுக்குப் போய் உட்காருங்கள், ஃபைல் வேலை கொஞ்சம் நகரும். கை தூக்குகிறவர்களைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். அவள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். தேர்வுக்கு முந்தைய ராத்திரி ஹாஸ்டலில் அவளுடைய அறை நிரம்பி வழியும். ரிசல்ட்டில் உங்கள் பேப்பர் மட்டும் 91 சதவீதம் என்று வரும். ரிசல்ட் அனாலிசிஸ் படிவத்தில் 'பின்பற்றிய புதுமையான கற்பித்தல் முறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'சக மாணவர் வழிக் கற்றல்' என்று நிரப்பிக் கையெழுத்திட்டு நாலு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அவள் பெயரை எழுத அதில் இடம் கிடையாது.