கடை சாத்திய அமைதி

பிரான்ஸின் கிராமப்புறம் ஏன் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதற்குப் பலர் பல காரணம் சொல்வார்கள். திராட்சைத் தோட்டம் என்பார்கள், பழைய நாகரிகம் என்பார்கள், ஜனத்தொகை குறைவு என்று புள்ளிவிவரம் பேசுவார்கள். சைக்கிளில் அங்கே சுற்றியவன் என்ற தகுதியில் நான் சொல்வது ஒன்றுதான்: எல்லாக் கடையும் சாத்தியிருக்கிறது.

யோசனை என் மனைவியின் தம்பியுடையது. லியோனில் வேலை பார்க்கிறான். "கார் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. நீங்களும் சைக்கிளும் மட்டும்தான், அத்தான்" என்றான்.

"டீக்கடை?" என்று கேட்டேன்.

"அமைதியா இருக்கும்" என்றான்.

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லையே என்று அப்போது நினைத்தேன். இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

பூர்கோஞ் பகுதியில், ஷாலோன் நகரத்திலிருந்து தெற்கே மாக்கோன் வரை, சுமார் 70 கிலோமீட்டருக்கு மோட்டார் வண்டி நுழையக் கூடாத பாதை ஒன்று போகிறது. 'வோவா வெர்த்' என்கிறார்கள், பசுமை வழி. இதில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடைப்பட்ட 44 கிலோமீட்டர்தான் நாட்டிலேயே முதலில் வந்தது, 1997இல். இன்று பிரான்ஸ் முழுக்க இப்படிப்பட்ட வழிகள் கிளைத்துவிட்டன. நுழைவாயிலில் நீலப் பலகை ஒன்று நிற்கும். அதில் ஒரு சைக்கிள்காரர், நடந்து போகும் ஒருவர். பல இடங்களில் குதிரைக்குக்கூட அனுமதி உண்டு, ஸ்கூட்டருக்கு இல்லை. நம்மூரில் இந்தப் பலகையை வைத்தால் ஸ்கூட்டரை அதன்மேலேயே சாய்த்து நிறுத்திவிட்டுப் போவார்கள்.

நானும் மைத்துனனும் புறப்பட்ட ஷாலோனுக்கும் இந்த அமைதிக்கும் பழைய உறவு. நிசெஃபோர் நியெப்ஸ் 1765இல் பிறந்தது அங்கேதான். இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படத்தை, 1827 வாக்கில், ஊருக்குச் சற்றுத் தெற்கே தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தவர். ஒரு படம் பதிவாகப் பல மணி நேரம் வெளிச்சம் விழ வேண்டும். அதுவரை எதிரே எதுவும் அசையக் கூடாது. இந்தக் கண்டுபிடிப்பு ஏன் லண்டனிலோ பாரிஸிலோ நிகழவில்லை என்று எனக்கு இனி சந்தேகமே இல்லை. அந்த ஜன்னலுக்கு எதிரே இன்றும் பெரிதாக எதுவும் அசையும் என்று தோன்றவில்லை. அதே மனிதர் மிதிகட்டை இல்லாத, காலால் தரையை உந்தி ஓட்டும் அந்தக் கால இருசக்கர வண்டியிலும் ஆசை வைத்து, அதன் இருக்கையை ஏற்றி இறக்கும்படி திருத்தி அமைத்தார். உட்காரும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் விஞ்ஞானி. மாலைக்குள் அவர் மீது எனக்கு மரியாதை பல மடங்கு கூடிவிட்டது.

பாதை ஒரு காலத்தில் ரயில் தடம். ரயில் நின்று போனது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தார் போட்டார்கள். ரயில் இன்ஜின் திணறும் மேட்டில் யாரும் தடம் போடுவதில்லை. ஆகவே என் முழங்காலைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் பொறியாளர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். மலை மாதிரி தெரிவதெல்லாம் தள்ளியே நிற்கிறது. அதன் மேல் வெள்ளை வெளேரென்று ஷரோலே மாடுகள். பழைய ஸ்டேஷன்கள் அப்படியே இருக்கின்றன. சிலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன, சிலவற்றில் காப்பிக்கடை இருப்பதாகப் பலகை சொல்கிறது. கடை சாத்தியிருந்ததால் பலகையை நம்ப வேண்டியதாயிற்று. ரயில் வராத நடைமேடையில் உட்கார்ந்திருப்பது இந்தியனுக்குப் புதிது இல்லை. ஆனால் நம்மூரில் இன்னும் எவ்வளவு நேரம் தாமதம் என்று கேட்கப் பக்கத்தில் ஓர் ஆளாவது இருப்பான்.

அமைதி நல்லதுதான். பழக்கம் வேண்டும், அவ்வளவே. சாலையில் சைக்கிள் ஓட்டும்போது நமக்கு யோசிக்க வேலை இருக்கிறது. பின்னால் வரும் பஸ், குறுக்கே வரும் ஆடு, எதிர்த்திசையில் வரும் மகான். இங்கே யாரும் வரவில்லை. திட்ட ஆள் இல்லாத இடத்தில் மனம் உள்ளே திரும்புகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. ஏதோ அபூர்வப் பறவை என்று நின்று பார்த்தேன். நின்றதும் பறவை நின்றது. நகர்ந்ததும் கத்தியது. என் சைக்கிள் சங்கிலி. எண்ணெய் போடாத சங்கிலியோடு நம்மூரில் ஆயுள் முழுக்க மானமாக ஓட்டலாம். இங்கே ஒரு ஃபர்லாங்குக்குள் மாடு திரும்பிப் பார்க்கிறது.

போதாக்குறைக்கு 'போன்ஜூர்'. எதிரே யார் வந்தாலும் சொல்ல வேண்டும். நடப்பவர், ஓடுபவர், நாயோடு வருபவர், குடும்பமாக ஐந்து சைக்கிளில் வந்தால் ஐந்து பேருக்கும். கடைக்குள் நுழைந்து இதைச் சொல்லாமல் நேராக ரொட்டி கேட்டால், ரொட்டி கிடைக்கும், கூடவே ஒரு பார்வையும் கிடைக்கும். அமைதியைத் தேடிப் போய் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே சென்ற ஆள் நான். பேசியது ஒரே சொல் என்பது வேறு விஷயம்.

பசி வந்தது பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில். பிரெஞ்சுக் கிராமத்தில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்தில் சாப்பாட்டுப் பொருள் விற்பவரும் சாப்பிடப் போய்விடுகிறார். நியாயம்தானே? மளிகைக் கடை சாத்தியிருந்தது, தபால் நிலையம் சாத்தியிருந்தது. பேக்கரி மட்டும் அந்த நேரத்துக்காகச் சாத்தவில்லை, அது திங்கட்கிழமைக்காகச் சாத்தியிருந்தது. வாரத்தில் ஒரு நாள் பேக்கரி மூடியே ஆக வேண்டும் என்று பல மாவட்டங்களில் ஆணையே இருக்கிறது. விளையாட்டு இல்லை. ஓப் மாவட்டத்தில் ஒரு பேக்கரிக்காரர் 2017 கோடையில் சுற்றுலாக்காரர்களுக்காக ஏழு நாளும் கடையைத் திறந்தார். தண்டனை, 3,000 யூரோ அபராதம். உழைத்ததற்கு அபராதம் போடும் நாட்டில் அமைதி நிலவாமல் வேறென்ன நிலவும்?

"முன்னாடியே சாப்பிட்டிருக்கணும் அத்தான்" என்றான் மைத்துனன். "வெலோசியோ சொல்லியிருக்காரு."

வெலோசியோ என்பது பால் த விவி என்பவரின் புனைபெயர். லியோனுக்குப் பக்கத்து செந்த்-எத்தியென் நகரத்துப் பட்டு வியாபாரி. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவதை ஒரு மதமாகவே பரப்பியவர். 1887இல் அதற்கென்று பத்திரிகை தொடங்கினார். சைக்கிளுக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடினார். தூர் த பிரான்ஸ் பந்தயத்தை நடத்தியவர்களோ 1937 வரை கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை. கஷ்டப்படாமல் மேடு ஏறுவது அவர்கள் பார்வையில் ஒழுக்கக்கேடு. சைக்கிள்காரன் பசி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதும் வெலோசியோவின் விதிகளில் ஒன்று. இதோடு அவர் சைவம் வேறு. அந்தக் காலத்து பிரான்ஸில், அந்தக் கடைநேரத்தில், ஒரு சைவர் ஊர் ஊராகச் சைக்கிளில் போயிருக்கிறார் என்றால் அந்த விதியை அனுபவத்தில்தான் எழுதியிருக்க வேண்டும். எழுபது வயது தாண்டியும் மலைப்பாதைகளில் ஓட்டிய மனிதர், 1930இல் செந்த்-எத்தியென் வீதியில் டிராம் மோதி இறந்தார். நகரம் யாரையும் விட்டுவைப்பதில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஓர் இயந்திரம். ஊர் எல்லையில், பஸ் நிறுத்தம் பக்கத்தில், காசு போட்டால் நீள ரொட்டியைத் துப்பும் அலமாரி. பேக்கரி மறைந்துபோன கிராமங்களிலும் விடுமுறை நாளிலும் இதுதான் கதி என்று பலர் வருத்தப்படுகிறார்கள். நான் வருத்தப்படவில்லை. அது போன்ஜூர் எதிர்பார்க்கவில்லை, இரண்டு மணி வரை காத்திருக்கச் சொல்லவில்லை. ரொட்டி ஒரு ஓரத்தில் இன்னும் சூடாக இருந்தது.

அமைதி, அமைதி என்கிறேனே தவிர, இரவில் அப்படிச் சொல்ல முடியாது. தேவாலய மணி இருக்கிறது. சில ஊர்களில் மணி அடித்து ஓரிரு நிமிடத்தில் அதே எண்ணிக்கையை மறுபடியும் அடிக்கிறார்கள், முதல் முறை எண்ணத் தவறியவர்களுக்காக. நள்ளிரவில் இருபத்து நான்கு அடி. அது ஓய்ந்து கண் அசந்தால் சேவல். புகார் செய்யலாமா என்றால் அதற்கும் வழியில்லை. ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று விடுமுறை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட, 2019இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றது. 2021 ஜனவரியில் பாராளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது: கிராமத்துச் சத்தங்களும் வாசனைகளும் நாட்டின் பாரம்பரியச் சொத்தில் சேர்த்தி. ஆக, பிரான்ஸில் பேக்கரிக்காரருக்கு இல்லாத உரிமை சேவலுக்கு உண்டு. வாரம் ஏழு நாளும் அது கடை திறக்கலாம்.

கோர்மதேன் கோட்டையைத் தாண்டினால் தெசே. அந்தச் சின்னக் கிராமத்தில் மட்டும் கூட்டம். சகோதரர் ரோஜே 1940இல் வந்து தங்கி உருவாக்கிய துறவியர் குடும்பம் அங்கே இருக்கிறது. கோடைக் காலத்தில் பல நாட்டு இளைஞர்கள் வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், மௌனமாக உட்கார. அந்த வட்டாரத்திலேயே நெரிசலைப் பார்த்த ஒரே இடம் மௌனத்துக்கான வரிசைதான்.

அடுத்து க்ளூனி. 910இல் நிறுவிய மடம். ரோமில் புனித பேதுரு தேவாலயத்தைப் புதிதாகக் கட்டும் வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயம் இங்கேதான் இருந்தது. புரட்சிக்குப் பிறகு அதை விற்றார்கள்; வாங்கியவர்கள் கல்லுக்காக இடித்தார்கள். மிச்சமிருக்கும் ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தத் துறவிகளின் சைகை மொழி. பேசக் கூடாத நேரங்களுக்காக நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளை வகுத்து வைத்திருந்தார்கள். பட்டியலில் ஞானம், முக்தி எல்லாம் முன்னால் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம். முதலில் ரொட்டி. இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து ஒரு வட்டம். பிறகு விதவிதமாக மீன். மௌன விரதத்தில் மனிதன் எதை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கு இதைவிட நேர்மையான ஆவணம் கிடையாது.

அன்று மதியம் அந்த ஊர் உணவகம் ஒன்றின் வாசலில் அந்த வட்டத்தைக் காட்டிப் பார்த்தேன். பரிசாரகர் என்னைப் பார்த்தார், ஒரு விரலால் தன் கைக்கடிகாரத்தைத் தட்டினார், உள்ளே போய்விட்டார். ஆயிரம் வருடம் ஆகியும் க்ளூனியில் அந்த மொழி அழியவில்லை.

கடைசிக் கட்டத்தில் புவா க்ளேர் சுரங்கம். பழைய ரயில் குகை, 1,600 மீட்டர். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்குவதால் அந்த மாதங்களில் அதை மூடிவிட்டு, எங்களைப் போன்றவர்களை மலையைச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். வௌவாலும் அந்த நாட்டுக் குடிமகன்தானே, அதற்கும் மூடும் காலம் உண்டு. நாங்கள் போனது கோடை என்பதால் திறந்திருந்தது. நடுவில், எதிர்ப்பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடமே சைக்கிளில் வந்தது. எதிரொலி கேட்க ஒவ்வொரு பிள்ளையும் தொண்டை கிழியக் கத்துகிறது. மணியை விடாமல் அடிக்கிறது. ஆசிரியை எல்லோரையும் விடச் சத்தமாக, கத்தாதே என்கிறார். எனக்கு ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. நானும் முழு மூச்சில் "ஓய்!" என்று ஒரு குரல் விட்டேன்.

மைத்துனன் வேகம் கூட்டி, என்னைத் தெரியாதவனாக முன்னால் போய்விட்டான். பிள்ளைகள் கூட்டத்திலிருந்து ஒரு பொடியன் மட்டும் மரியாதையாக "போன்ஜூர், முஸ்யோ" என்றான். வௌவால்கள் தரப்பிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.